கண்ணாடித் தோட்டம்

“அழிக்காதீங்க மிஸ்!” றிபாஸ் மேசைக்கு ஓடிவந்தான்.

என்ஜினியர் ஹாஜறாவின் விரல் நிற்கவில்லை. உல்லாசக் கப்பலின் உச்சித் தட்டிலிருந்த கண்ணாடித் தோட்டம் திரையிலிருந்து மறைந்தது.

“எண்பது தொன் கண்ணாடி, தம்பி. அவ்வளவு உசரத்தில இருந்தா, பெருங்காத்தில சரியிற கப்பல் நிமிரக் கஷ்டப்படும்.”

“நம்மட கல்முனை ஒபிசிலயிருந்து போன படங்களில கம்பனிக்காரன் ஆசைப்பட்டதே இந்தத் தோட்டத்துக்குத்தானே!”

“மூவாயிரம் பேர் ஏறுற கப்பல். ஆசைய நம்பி ஏத்த ஏலுமா?”

அந்த அலுவலகத்தில் படங்களைப் பெயரில்லாமல், இலக்கம் போட்டுத்தான் தெரிவுசெய்வார்கள். ஏழாம் இலக்கமான இந்தப் படத்தைக் கீறியவர் யாரென்று றிபாசுக்குத் தெரியாது. இப்படியொரு அழகை அவன் கண்டதில்லை என்பது மட்டும் தெரியும்.

நாலு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். ஹாஜறா தோட்டத்தை மூன்று தட்டுக் கீழே இறக்கி, பின்பக்கக் கடலைப் பார்க்கவைத்தாள். றிபாஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தான். எந்தக் காற்றுக்கும் கப்பல் நிமிர்ந்துவந்தது. தலைக்குமேல் வானம் இல்லையே தவிர, அழகும் போகவில்லை.

“கெட்டிக்காரிதான் மிஸ் நீங்க. ஆனா கல்லு மனசு. கீறின ஆள் கண்டா அழுதிடும்.”

“அழுது முடிஞ்சிருக்கும். நீங்க அனுப்புங்க.”

“அனுப்புறன். ஆனா அந்த ஆளுக்கு நானே போன்ல கோல் எடுத்து மன்னிப்புக் கேக்கப்போறன்.”

படத்தை அனுப்பிவிட்டு, அதுவரை மூடியிருந்த பெயர்ப் பட்டியலைத் திறந்தான்.

ஏழாம் இலக்கத்துக்கு நேரே இருந்த பெயர்: ஹாஜறா.