ஆளுக்கொரு ராஜா

"அந்தக் கட்டத்துல வைக்கக் கூடாது. காய் கறுப்புலதான் போகணும்."

குரல் கேட்டதும் சிட்டு செக்கர்ஸ் பலகையிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அவளுடைய அப்பாவுக்குச் சுருக்கென்றது. அவர் பஸ் டிரைவர். மனைவி பிரிந்து போய்விட்டாள். மகளை வாரத்தில் ஒரு மணி நேரம், குடும்ப நீதிமன்றத்தின் இந்தச் சின்ன அறையில் பார்க்கலாம் என்று உத்தரவு. அந்த ஒரு மணி நேரத்திலும், கண்காணிக்க உட்கார்ந்திருக்கும் அதிகாரி அம்மா மூக்கை நுழைத்தால் எப்படி?

"குழந்தைதானே மேடம்..."

"குழந்தைன்னா விதி மாறிடுமா? மூலைவாட்டா ஒரு கட்டம். முன்னாடி மட்டும்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி மங்கி, தெருவே காணாமல் போயிற்று.

ஒரு இடத்தில் சிட்டுவின் காய் வசமாக மாட்டியது. டிரைவர் பார்க்காதது போல வேறு காயைத் தொட்டார்.

"வெட்ட வழியிருந்தா வெட்டியே ஆகணும் சார்."

"எங்க டெப்போவுல இஷ்டப்பட்டாதான் வெட்டுவோம்."

"இது டெப்போ இல்லை."

டிரைவர் தன் காயால் மகளின் காயைத் தாண்டி, அதை வெட்டி எடுத்தார். சிட்டுவின் முகம் சுருங்கியது. 'இந்த அம்மாவுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?' என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

காய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. திடீரென்று சிட்டு துள்ளினாள்.

"அப்பா! கடைசி வரிசைக்கு வந்துட்டேன்!"

"அப்ப நீ ராஜா" என்று காய் மேல் காய் வைத்தார் அவர்.

"ராஜா மட்டும் பின்னாடியும் வரலாம்" என்றார் அதிகாரி அம்மா.

கடைசியில் ஆளுக்கொரு ராஜாதான் மிச்சம். இது துரத்த, அது நழுவ, அது துரத்த, இது நழுவ, இரண்டும் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தன. மழைச் சத்தத்தில் சிட்டுவின் கண்கள் சொருகின. மெல்ல நகர்ந்து வந்து அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"என் ராஜாவுக்குத் தூக்கம் வருதுப்பா... மெதுவா துரத்துங்க."

"சரிடா கண்ணு."

கதவு திறந்தது. சிட்டுவின் அம்மா, கையில் சொட்டும் குடையோடு.

"டைம் முடிஞ்சிருச்சு மேடம். கூட்டிட்டுப் போகலாமா?"

சிட்டுவின் விரல்கள் அப்பாவின் சட்டையைப் பற்றிக்கொண்டன. "ஆட்டம் முடியலையே ஆன்ட்டி..."

அதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"ஆரம்பிச்ச ஆட்டத்தைப் பாதியில விடக் கூடாது. விதின்னா விதிதான். நீங்க உட்காருங்கம்மா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தோளில் கிறங்கிக் கிடந்த மகளைப் பார்த்ததும், குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

ராஜாக்கள் மறுபடி சுற்ற ஆரம்பித்தார்கள்.

டிரைவர் மெல்லக் குனிந்து, அதிகாரி அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"மேடம்... ஆளுக்கொரு ராஜாதான் மிச்சம்னா யாராலும் ஜெயிக்க முடியாது. சமம்னு சொல்லிப் பலகையை மடிச்சிடணும். அதுதானே விதி?"

அதிகாரி அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்படியொரு விதியை நான் கேள்விப்பட்டதே இல்லையே, சார்."