சாப்பிட்டுச் சொல்

"முதல்ல உள்ள வந்து உட்காருடி. எதுவானாலும் சாப்பிட்டுட்டுச் சொல்லு" என்றாள் மாரெட், வாசலில் நின்ற ஓல்வெனின் முகத்தைப் பார்த்ததுமே.

ஓல்வென் உள்ளே வந்து உட்கார்ந்தாள். நிலக்கரிச் சுரங்கத்தின் அபாயச் சங்கு ஊதிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. உள்ளே கூரை சரிந்து ஓர் ஆள் அடியில் சிக்கிக்கொண்டான். பிழைக்க வழியே இல்லை, உடலை எடுக்கவே நாளாகும் என்றார்கள். உள்ளே இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு எண் போட்ட விளக்கை வாங்கிப் போகும் விளக்கறையில் ஆள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, எண்தான் கணக்கு. எல்லா விளக்குகளும் திரும்பி வந்துவிட்டன, மாரெட்டின் கணவன் இத்வாலின் விளக்கைத் தவிர.

"பக்கத்து வீட்டுக்காரி, நீதாம்மா பக்குவமாச் சொல்லணும்" என்று மேஸ்திரி ஓல்வெனை அனுப்பிவிட்டார். இதைவிடக் கேடுகெட்ட வேலை உலகத்தில் உண்டா?

"அக்கா, நான் எதுக்கு வந்தேன்னா..."

"வயித்துப் பிள்ளைக்காரி வெறும் வயித்தோட பேசக் கூடாது. பேசாம இரு."

மாரெட் சீஸைத் துருவினாள். துருவியில் விரல் கீறியது. பாவம், ஏதோ மனசில் பட்டுவிட்டது போல என்று ஓல்வென் நினைத்தாள். வெண்ணெயும் மாவும் கடுகு விழுதும் கொதிக்கும் சட்டியில் மாரெட் தாராளமாக பியரை ஊற்றினாள்.

"இவ்வளவு பியரா? போதகர் பாத்தா நம்மளைக் கோயில்லேர்ந்து தள்ளி வச்சிடுவாரு."

"அவரா வந்து திங்கப் போறாரு? உனக்கு உடம்புல தெம்பு வேணும்."

சீஸைக் கொட்டிக் கிளறியபடியே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "டெக்வின் காலையில என்ன சொல்லிட்டுப் போனான்?"

"அவருக்குத்தான் இன்னிக்கு ஷிஃப்ட் இல்லையே. இங்க வந்து அண்ணனை எட்டிப் பாத்துட்டு மீன் பிடிக்கப் போறேன்னு இருட்டோடவே கிளம்பிட்டாரு."

சொன்ன பிறகுதான் ஓல்வென் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தன் புருஷன் ஆற்றங்கரையில் சுகமாக உட்கார்ந்திருப்பதை, புருஷனைப் பறிகொடுத்தவளிடமா சொல்வது? அவளுக்கு அவமானமாக இருந்தது.

மாரெட் சுட்ட ரொட்டியின் மேல் உருகிய சீஸை ஊற்றி, கணப்பின் செந்தணலுக்கு நேரே பிடித்தாள். மேலே பொரிந்து பழுப்பேறியது. தட்டில் வைத்து, துண்டு துண்டாக நறுக்கி, ஓல்வெனுக்குத் தானே ஊட்டினாள்.

"நீயும் சாப்பிடுக்கா."

"எனக்கு இறங்காதுடி. நீ மிச்சம் வைக்காம சாப்பிடு."

ஓல்வென் ஒவ்வொரு வாயாக மென்று விழுங்கினாள். இவ்வளவு நல்லவள் தலையிலா இந்த இடி விழ வேண்டும்! கடைசித் துண்டை விழுங்கிவிட்டு மாரெட்டின் கையை இறுகப் பிடித்தாள்.

"அக்கா, மனசைத் திடப்படுத்திக்கோ. நம்ம இத்வால் அண்ணன்..."

"மாடியில காய்ச்சல்ல கிடக்காருடி." மாரெட் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஒரு நாள் வரலேன்னாலும் வேலை போயிடும்னு, அவரு விளக்கை வாங்கிக்கிட்டு அவருக்குப் பதிலா உள்ள இறங்கினது டெக்வின்தாண்டி."