பனியன் வேஸ்ட் மூடி

"தாலி கட்டறதுக்குள்ள நான் அங்க நின்னாகோணும் பாய். சட்டுனு பாருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பொன்னுச்சாமி, காரின் கூரையில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

உடுமலை ரோட்டோரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ராஜா முகமது பானெட்டைத் திறந்தார். பழைய மாருதி 800. அருள்புரத்திலிருந்து வருகிற வழியெல்லாம் நின்று நின்று வந்ததாம். சற்று நேரம் சும்மா விட்டால் கிளம்புமாம், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இருமிக்கொண்டு நிற்குமாம்.

"யாருக்குங்ணா கல்யாணம்?"

"எம்பொண்ணுக்குத்தானுங்க. கம்பெனில கூட வேலை பாக்கற தெக்கத்திப் பையனோட நேத்துப் போயிட்டா. அமராவதி நகர்ப் பக்கம் ஒரு கோயில்ல இன்னிக்குத் தாலியாம்."

ராஜா முகமது அவரை ஏற இறங்கப் பார்த்தார். பொன்னுச்சாமியின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. உடுத்தியிருந்த புது வேட்டியில் லேபிள்கூடக் கிழிக்கவில்லை. கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு வெறியோடு கிளம்பிவிட்டார் மனுஷன் என்று நினைத்தார் ராஜா முகமது.

பெட்ரோல் பைப்பைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். பீய்ச்சிக்கொண்டு வர வேண்டிய பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வந்தது. ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. அடைப்பு அங்கே இல்லை.

அதற்குள் பொன்னுச்சாமிக்குப் போன் வந்தது. வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசினாலும் குரல் இங்கே வரை கேட்டது.

"அழுகாத நஞ்சம்மா. அவள நான் பாத்துக்கறேன். உந்தம்பிககிட்ட மட்டும் மூச்சு உட்றாத, சொல்லிப்போட்டேன்."

பேசுவது பெண்டாட்டியிடம். காரியத்தைத் தனியாளாகவே முடிக்கப் பார்க்கிறார், குறுக்கே யாரும் வரக்கூடாது என்கிறார். ராஜா முகமது அப்படித்தான் கணக்குப் போட்டார்.

பின்பக்கம் போய்ப் பெட்ரோல் டேங்கைப் பார்த்தார். மூடியைக் காணோம். பாலித்தீன் கவரை வைத்து, அதன்மேல் பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த வேஸ்ட் துணியைத் திணித்து, ஜட்டிக்கு வைக்கிற எலாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டியிருந்தது. திருப்பூர்ப் பக்கம் எந்த ஓட்டைக்கும் பனியன் வேஸ்ட்தானே வைத்தியம். அவர் அதை உருவியதும் டேங்க் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

விஷயம் அவ்வளவுதான். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போக வேண்டும். இந்தக் கட்டு காற்றை விடவில்லை, அதனால் பெட்ரோலும் வரவில்லை. கவரில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டால் போதும், கார் அமராவதி அணை வரைக்கும் நிற்காமல் ஓடும்.

ராஜா முகமது ஓட்டை போடவில்லை. முன்பைவிட இறுக்கமாகக் கட்டிவிட்டு வந்தார்.

"பம்பு போயிருச்சுங்ணா. கழட்டித்தான் பாக்கோணும்."

அவருக்கும் வீட்டில் மெஹ்ஜபின் என்று ஒரு மகள் இருந்தாள். பொய் சொன்ன பாவம் என்னோடு போகட்டும், அந்தப் பிள்ளையின் உயிர் நிற்கட்டும் என்று மனசுக்குள் அல்லாவிடம் முறையிட்டபடியே, நன்றாக இருந்த பம்பைக் கழற்றி ஸ்க்ரூ ஸ்க்ரூவாகப் பிரித்தார்.

"இன்னும் எத்தன நேரமாகுங்க?"

"பழைய வண்டிங்களே. அவசரப்பட்டா ஆகாதுங்க."

"முகூர்த்தம் முடிஞ்சிருமுங்க பாய்."

முடியட்டும் என்றுதானே பாயும் வேண்டிக்கொண்டிருந்தார். "கோவத்துல எதும் பண்ணிப்போடாதீங்ணா. பெத்த புள்ளைங்க."

"பெத்த புள்ளைன்னுதானுங்க போறேன். கோவமெல்லாம் நேத்தோட போச்சு. இன்னிக்கு ஒரு முடிவோடதான் கெளம்பியிருக்கறேன்."

அந்த நிதானம்தான் ராஜா முகமதுவை அதிகம் பயமுறுத்தியது. கையிலிருந்த ஸ்க்ரூ நழுவி மண்ணில் விழுந்தது. நல்லதாயிற்று என்று அதைத் தேடுகிற சாக்கில் இன்னும் கொஞ்ச நேரத்தை ஓட்டினார்.

பொறுக்க முடியாமல் பொன்னுச்சாமி ரோட்டுக்கு ஓடினார். பஸ்ஸை மறித்தார், அது விலகிப் போனது. நூல் மூட்டை ஏற்றிய வேனுக்குக் கை காட்டினார். தேங்காய் லாரிக்காரனைக் கையெடுத்தே கும்பிட்டார். ஒருத்தரும் நிறுத்தவில்லை.

பல்லடம் பக்கமிருந்து ஒரு வெள்ளை ஜீப் சீறிக்கொண்டு வந்தது. உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இதையும் மறிக்கப் போகிறார் என்று ராஜா முகமது நினைத்தால், பொன்னுச்சாமி சட்டென்று கையை இறக்கிவிட்டு ஓடி வந்து மாருதிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். ஜீப் உடுமலைப் பக்கம் பறந்தது.

"யாருங்ணா அவங்க?"

"என்ற மச்சினனுக. எப்படியோ மோப்பம் புடிச்சுட்டானுக." பொன்னுச்சாமி உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

சொந்த மச்சினன்களைக் கண்டு எதற்கு ஒளிகிறார் என்று ராஜா முகமதுவுக்குப் புரியவில்லை. இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைத் தொட்டார். "உடுங்ணா. முகூர்த்தம் முடிஞ்சுது. இந்நேரம் தாலி ஏறியிருக்கும். இனி யாரு போயும் ஒண்ணும் பண்ண முடியாது."

பொன்னுச்சாமி நிமிர்ந்தார். கண்ணீர் தாடை வரை வழிந்திருந்தது.

"எங்கீங்க ஏறியிருக்கும்? அப்பன் வந்து தாலி எடுத்துக் குடுத்தாத்தான் கட்டிக்குவேன்னு காத்துட்டு இருக்கறாளுங்க பாய்."