சிக்னல் விழும் வரை

ஆற்றங்கரை நடைபாதையில் மூன்றாவது பெஞ்சு வந்ததும் மாமனார் உட்கார்ந்துவிட்டார்.

“சிக்னல் விழலைம்மா,” என்றார், வழக்கம்போல.

ஆயுசு முழுக்க ரயில் ஓட்டியவர். வேலையை விட்டும் ரயில் அவரை விட்டபாடில்லை. நடைபாதையில் ஒவ்வொரு பெஞ்சும் அவருக்கு ஒரு ஸ்டேஷன். சிக்னல் விழவில்லை என்று உட்காருவார். கொஞ்ச நேரத்தில் விழுந்துவிட்டதென்று அவரே எழுந்தும் கொள்வார். ஆரம்பத்தில் மருமகள் ஒப்புக்குச் சிரித்துவைத்தாள். இப்போது அதற்கும் தெம்பில்லை.

கணவன் போனதிலிருந்து அவளுக்கு எதற்குமே தெம்பில்லை. அறையைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளைக் கதவைத் தட்டி எழுப்பியவர் இந்த மனிதர்தான். தினமும் நடக்காவிட்டால் முழங்கால் இறுகிப்போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். தனியாகப் போனால் எங்கேயாவது விழுந்துவைப்பாராம். கூட்டிப்போக வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? வேண்டாவெறுப்பாகச் செருப்பை மாட்டினாள். மழைக்காலத்தில் தொடங்கிய செக்குமாட்டு நடை, கோடை வந்தும் ஓயவில்லை.

பக்கத்துப் பூங்காவில் பிள்ளைகள் சறுக்குமரத்தடியில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு தன் பாட்டுக்கு ஓடியது.

பெற்ற மகனைப் பறிகொடுத்தவருக்கு முழங்காலைப் பற்றிக் கவலைப்பட எப்படித்தான் மனசு வருகிறதோ என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்படக்கூட அலுப்பாக இருந்தது.

எதிரே மூச்சிரைக்க ஓடிவந்த ஒருவர் அவர்கள் முன்னால் நின்றார். மாமனாரின் எலும்பு டாக்டர். அரைக்கால் சட்டையில் பார்த்ததால் அவளுக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று.

டாக்டர் மாமனாரை விட்டுவிட்டு அவளைத்தான் பிடித்தார்.

“நீங்களாவது சொல்லக் கூடாதா? இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நடக்கவே கூடாதுன்னு போன வருஷமே சொல்லிட்டேனே.”

சொல்லிவிட்டு, தலையை ஆட்டியபடி ஓடிப்போனார்.

மாமனார் திருட்டு முழி முழித்தார். இந்த டாக்டருக்கு ஆயிரம் நோயாளிகள், யாரிடம் என்ன சொன்னோம் என்பதே ஞாபகமிருக்காது என்று ஏதோ முனகினார்.

அவள் அவர் கையைப் பார்த்தாள். அது முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பெஞ்சிலும் இப்படித்தான் பிடித்திருப்பார். அவள்தான் ஒருநாளும் திரும்பிப் பார்க்காமல், கரையோரத் தடுப்புக் கம்பியில் சாய்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

சிக்னல் விழுந்துவிட்டது, கிளம்பலாம் என்று அவர் பெஞ்சில் கையை ஊன்றி எழப் பார்த்தார்.

அவள் அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாகத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னும் விழலை மாமா.”