தப்புக்கு ஒரு ஊறுகாய்

கண்களை இறுக மூடிக்கொண்டு அந்தச் சிவப்பு ஊறுகாயை வாய்க்குள் போட்டான் யல்மாரி. முகம் காய்ந்த எலுமிச்சையாய்ச் சுருங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த வகானாவுக்கே பாவமாக இருந்தது.

"கொட்டையத் துப்பிடு," என்றாள்.

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். தண்டனையைப் பாதியில் விட மாட்டானாம். இந்த ரோஷம் படிப்பில் இருந்தால் என்ன என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஃபின்லாந்தில் ஓலு நகரத்து மாணவர் விடுதியின் பொதுச் சமையலறை அது. மதியம் மணி மூன்றுதான். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே இருட்டி, பனி கொட்டிக்கொண்டிருந்தது.

விடிந்தால் வாய்மொழிப் பரீட்சை. வகானா ஃபின்னிஷில் பேச வேண்டும், யல்மாரி ஜப்பானிய மொழியில். ஜோடியில் ஒருவர் கோட்டை விட்டாலும் இரண்டு பேருக்கும் பூஜ்யம். பூஜ்யம் வந்தால் வகானாவின் உதவித்தொகை நின்றுவிடும், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஜப்பானுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தண்டனை யோசனை அவளுடையதுதான். தப்பாகப் பேசுகிறவர் மற்றவர் நாட்டுப் பண்டத்தில் ஒன்றைத் தின்ன வேண்டும். அதற்காகவே அம்மா கைப்பட உப்பில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்து அனுப்பிய பிளம் ஊறுகாயை எடுத்து வைத்தாள். அதைக் கண்டால் வெளிநாட்டுக்காரர்கள் அலறி ஓடுவார்கள் என்பது அவள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

யல்மாரி தன் பங்குக்குச் சட்டைப்பையிலிருந்து சல்மியாக்கியை எடுத்து வைத்தான். கரிக்கட்டை மாதிரி கருப்பாக, நாக்கு மரத்துப் போகும் அளவுக்கு உப்புக் கரிக்கும் மிட்டாய். அவனானால் அதை நாள் முழுக்கக் கடலை போலக் கொறிப்பான். வகானா ஒன்றே ஒன்றைத் தின்றுவிட்டு, வாயைக் கழுவக் குழாயடிக்கு ஓடினாள். அந்த மிட்டாய்க்குப் பயந்தே அவளுக்கு ஃபின்னிஷ் மளமளவென்று வந்துவிட்டது.

இவனுக்குத்தான் எதுவும் மண்டையில் ஏறவில்லை. 'பனியில ரயில் நின்னுபோச்சு, அதனால வர முடியல' என்று ஒரு நாள் நீட்டி முழக்கிச் சொல்வான். மறுநாள் 'காலை வணக்கம்' சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழிப்பான். இவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றே அவளுக்குப் புரியவில்லை.

"அடுத்தது. கடையில பால் வேணும்னு கேளு."

யல்மாரி கூரையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு, பூனை வேண்டும் என்று கேட்டான்.

"பூனையா?"

"தப்பா?" என்றபடி ஊறுகாய் பாட்டிலை அவனே தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

காபி போட வந்த பக்கத்து அறை சானா இதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இன்னுமா இந்தக் கூத்து? ஜோடிய மாத்திக் குடுங்கன்னு டீச்சர்கிட்ட கேளுடின்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

"பாவம், அவன் மனசு கஷ்டப்படாதா?" என்றாள் வகானா தணிந்த குரலில், யல்மாரிக்குக் கேட்காதபடி.

"உனக்கு 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை வராதா? மொதல்ல அதைக் கத்துக்கோ. ரெண்டு மொழியிலயும்." சானா கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சானா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. யார் முகத்துக்கு நேரேயும் முடியாது என்று சொல்லி வகானாவுக்குப் பழக்கமில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே இந்தப் பக்கமும் போக முடியாமல், அந்தப் பக்கமும் போக முடியாமல் நன்றாக மாட்டிக்கொண்டாள். அம்மாவிடம் என்னவென்று சொல்வது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இன்னொரு கேள்வி, இன்னொரு தப்பு. வழி கேட்கச் சொன்னால் வயதைக் கேட்டான். டீச்சருக்கு நன்றி சொல்லச் சொன்னால் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் தண்டனையை வாங்கிக்கொண்டான்.

அடுத்ததை எடுக்க வகானா சாப்பாட்டுக் குச்சியைப் பாட்டிலுக்குள் விட்டாள். அடிக் கண்ணாடிதான் தட்டுப்பட்டது.

"தீர்ந்துபோச்சு," என்றாள். "வசந்தகாலம் வரைக்கும் வெச்சுக்கோன்னு அம்மா அனுப்பினது. இனிமே உன்னைத் தண்டிக்கக்கூட எங்கிட்ட ஒண்ணும் இல்ல, யல்மாரி. நாளைக்கு நீ தோத்தா, நான் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்."

யல்மாரி பாட்டிலை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். அவன் முகம் தொங்கிப்போனது. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சரி, கேள்வி கேளு," என்றான்.

கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற சலிப்போடுதான் அவள் ஆரம்பித்தாள். பால் கேட்டான். வழி கேட்டான். டீச்சருக்கு நன்றி சொன்னான். வீட்டுச் சொந்தக்காரரிடம் பணிவாக மன்னிப்புக் கேட்கச் சொன்னாள், அது ஜப்பானில் பிறந்தவர்களே யோசித்து யோசித்துப் பேசுகிற மரியாதைப் பேச்சு. அதையும் ஒரு பிசிறு இல்லாமல், தண்ணீர் பட்ட பாடாகச் சொல்லி முடித்தான்.

வகானாவின் கையிலிருந்த குச்சி மேசையில் விழுந்தது.

"இத்தனை நாளா இதெல்லாம் எங்க போச்சு?"

யல்மாரி இன்னும் வாயில் இருந்த கொட்டையை மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டான்.

"பாட்டில்தான் காலியாயிடுச்சே. இனிமே எதுக்குத் தப்பாச் சொல்லணும்?"