எறும்பு போகட்டும்

மாலை வெயில் சமையலறை மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. பஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பா டீயில் சர்க்கரை கலக்குகிறார். எதிரே மகள் கல்லூரி விண்ணப்பத்தின் ஓரத்தில் கணக்குப் போடுகிறாள். "உயிரியல் படிச்சு முடிச்சா மாசம் இருபதாயிரம் வரும்ப்பா. அதுல கடன் தவணையே பதிமூணாயிரம். எட்டு வருஷம் கட்டணும்." "கையைக் கடிக்குமே." "ம். கம்ப்யூட்டரே எடுத்துடறேன்." 'உயிரியல்' என்று எழுதிய கட்டத்தை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனவள் நிறுத்துகிறாள். கட்டத்துக்குள் ஓர் எறும்பு. "அது போகட்டும்ப்பா, அப்புறம் அடிச்சுடறேன்" என்கிறாள். அதுவரை சும்மா இருக்கமாட்டாத பேனா, பக்கத்திலேயே அதன் ஆறு கால்களையும் மூட்டுப் பிசகாமல் வரைகிறது. அவள் முகம் தாளோடு தாளாகக் குனிந்திருக்கிறது. மூச்சுகூட மெதுவாகத்தான் வருகிறது. எறும்பு கட்டத்தின் ஓரக் கோட்டை நெருங்குகிறது. அப்பா டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரையை எடுத்து, சத்தமில்லாமல், அந்தக் கட்டத்துக்குள் தூவுகிறார்.