மூன்று சுழி மன்னிப்பு

“கையெழுத்து இங்க” என்று பதிவாளர் விரல் வைத்துக் காட்டினார்.

அவள் தாளைக் கையில் எடுத்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். அவளுக்கு முன்னால் உள்ளே வந்துபோன பதினேழு பெண்களில் யாரும் அதைப் படிக்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பதிவாளர், விடுதிக் காப்பாளர் அம்மாள், நடுவில் அவளுக்கு இலக்கணம் நடத்தும் பேராசிரியர். அவர்கள் தலைக்கு மேலே பழைய துணைவேந்தர்களின் படங்கள், கூரைவரைக்கும். அத்தனை பேருக்கும் மீசை.

குற்றம் இதுதான்.

பழைய கட்டடத்தின் முன்பக்கக் கல்படியில் பட்டம் வாங்கியவர்கள் மட்டுமே கால் வைக்கலாம். நூற்றிருபது வருட வழக்கம். மற்றவர்களுக்குப் பக்கவாட்டு இரும்புப் படி. மீறி மிதித்தால் தேர்வில் ஊற்றிக்கொள்ளும் என்று சேர்ந்த முதல் நாளே காதில் போட்டுவிடுவார்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அந்தப் படியில்தான் பெண்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். நூலகம் ஒன்பது மணிவரை. பெண்கள் விடுதிக்கு ஆறு மணிக்கே பூட்டு. நேரத்தை மாற்றும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள்.

பூட்டு மாறவில்லை. பத்தொன்பது பேருக்குக் கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் ஹால்டிக்கெட். இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு.

ஒரு வருடம் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா லாரி ஓட்டுகிறவர். “படிச்சு முடிக்கட்டும்” என்று சொல்லிச் சொல்லித்தான் அத்தை கொண்டுவரும் வரன்களையெல்லாம் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். அவரிடம் வேறு சாக்கு இல்லை.

“ஒரு கையெழுத்துதானேம்மா” என்றார் பேராசிரியர். “போட்டுட்டுப் போய்ப் படிக்கிற வேலையப் பாரு.”

அவள் பேனாவை எடுத்தாள். பதிவாளர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவள் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டாள்.

“மன்னிப்புக்கு மூணு சுழி வராதுங்க ஐயா. ரெண்டு சுழிதான்.”

பேராசிரியர் தாளை இழுத்துப் பார்த்தார். ‘மண்ணிப்பு’ என்றுதான் இருந்தது. கீழே அவர் கையெழுத்தும் இருந்தது. இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

“திருத்திக் கொடுத்தா போடுவியா?” பதிவாளரின் குரல் ஏறியது.

“திருத்துனாலும் போட மாட்டேன். படியில உக்காந்தது தப்புன்னு நான் எழுதித் தர மாட்டேன்.”

“ஹால்டிக்கெட் கிடையாது. தெரியும்ல?”

“தெரியும்.”

அவள் நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளி எழுந்து வெளியே வந்தாள்.

நடைவழியில் மிச்சமிருந்தது அவளுடைய அறைத்தோழி மட்டும்தான். அன்று படியில் முதலில் போய் உட்கார்ந்தவள், கோஷத்துக்குக் குரல் கொடுத்தவள். கதவிடுக்கில் எல்லாம் கேட்டிருக்க வேண்டும். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பைத்தியமாடி உனக்கு? தலைவலின்னு நீ அன்னைக்கு ரூம விட்டே வரல. ரூம் நம்பர வெச்சுப் பேர் எழுதுனதுல நீயும் மாட்டிக்கிட்ட. அத ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களே!”

அன்று அவளுக்குத் தலைவலி எதுவும் இல்லை. போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு, ஜன்னல் வழியே வந்த கோஷத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்ப வந்துட்டேன்ல” என்றாள்.

பியூன் கதவைத் திறந்து அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

கையில் தயாராக வைத்திருந்த பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டு, அறைத்தோழி உள்ளே போனாள்.